ஏ மைனர் 7-ல் அந்த ஏழு எங்கிருந்து வந்தது? கூடவே எஃப் ஷார்ப் மைனர் 7-ல் ஒரு கம்பி பேசவே மாட்டேன் என்கிறது

தெற்குத்தெரு:

எட்டு மாதமாக கிட்டார் கற்றுக்கொண்டிருக்கிறேன். வார நாளில் யூட்யூப், ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பின்வரிசை. சாதாரண மேஜர், மைனர் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) கைக்கு வந்துவிட்டன, ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து எல்லாக் கம்பியையும் அழுத்தும் எஃப் பார் கார்டு கூட பத்துக்கு ஏழு தடவை சுத்தமாகக் கேட்கிறது. போன மாதத்திலிருந்து எங்கள் கீபோர்ட் அண்ணன் பாட்டுத் தாளில் மைனர் கார்டு வரும் இடமெல்லாம் பேனாவால் பக்கத்தில் ஒரு 7 போட்டுக் கொடுக்கிறார். ஏன் அண்ணா என்று கேட்டால், "வாசிச்சுப் பாரு, நல்லா இருக்கும்." நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று விஷயம் புரியவில்லை.

ஏ மேஜர் ஸ்கேலில் (ஸ்வர வரிசையில்) ஏழாவது ஸ்வரம் ஜி ஷார்ப். ஏ மைனர் 7-ல் இருப்பதோ வெறும் ஜி. ஏழு என்று போட்டுவிட்டு ஏழாவதை வைக்காமல் அதற்கு முந்தினதை வைத்தால் எப்படி? ஏ மைனர் ஸ்கேலில் ஜிதான் ஏழாவது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், சரி மைனருக்கு அப்படி என்று தலையாட்டினேன், அப்புறம் ஜி7-ஐப் பார்த்தால் அதில் எஃப் இருக்கிறது. ஜி மேஜர் ஸ்கேலில் எஃப் ஷார்ப்தானே? அது மைனரும் இல்லையே?

அடுத்தது எஃப் ஷார்ப் மைனர் 7. நான் வைப்பது 2 4 2 2 2 2 (தடித்த ஆறாம் கம்பியில் ஆரம்பித்து ஒவ்வொரு கம்பியிலும் அழுத்தும் ஃப்ரெட், அதாவது கழுத்தின் கட்டம், எத்தனையாவது என்று எழுதியிருக்கிறேன்). நாலாம் கம்பி மட்டும் 'டக்' என்று செத்துப்போகிறது. எஃப் ஷார்ப் மைனர் வைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை, அதுதான் ஆச்சரியம், ஒரு விரலை எடுத்தால் சுலபமாகத்தானே ஆக வேண்டும்?

கடைசியாக, ஒரு ஏ மைனர் பாட்டில் நானாகவே எல்லாவற்றுக்கும் ஏழு போட்டுப் பார்த்தேன், அந்த வேகத்தில் தாளில் ஈ7 என்று இருந்ததையும் ஈ மைனர் 7 ஆக்கிவிட்டேன். கீபோர்ட் அண்ணன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது?

ஆறாம்கம்பி:

பெயர் வைத்த விதம்தான் குழப்பம், உங்கள் மேல் தப்பில்லை. பெயரில் வரும் 'மைனர்' மூன்றாவது ஸ்வரத்தை மட்டும்தான் தொடும். ஏழோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வெறும் 7 என்று எழுதினால் மேஜரோ மைனரோ எந்தக் கார்டாக இருந்தாலும் அரை ஸ்வரம் (ஒரு ஃப்ரெட்) இறக்கிய ஏழு, இறக்காத ஏழு வேண்டுமென்றால் 'மேஜர் 7' என்று முழுதாக எழுதியாக வேண்டும். ஜி-யையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜி மேஜர் 7 என்றால் ஜி, பி, டி, எஃப் ஷார்ப். ஜி7 என்றால் ஜி, பி, டி, எஃப். ஜி மைனர் 7-ல் ஏழு அதே எஃப்தான், மாறுவது பி மட்டும், அது பி ஃப்ளாட் ஆகிறது. ஆக 'மைனர் 7' என்பதை மைனர் + 7 என்று பிரித்துப் படியுங்கள், 'மைனர் ஸ்கேலின் ஏழு' என்று படிக்காதீர்கள். ஏ மைனர் 7-க்கு விடை ஒன்றாக வருவதால் அந்த வீடியோக்காரர் சொன்னது அங்கே செல்லுபடியாகிறது, ஜி7-ல் மாட்டிக்கொள்கிறது.

ஆனால் கிட்டாரில் இதை ஸ்கேலில் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை. கார்டின் பெயரில் இருக்கும் ரூட் ஸ்வரத்திலிருந்து இரண்டு ஃப்ரெட் தலைப் பக்கம் தள்ளினால் அதுதான் இந்த ஏழு. அவ்வளவே. இப்போது கையில் வைத்துப் பாருங்கள்:

ஏ மைனர் × 0 2 2 1 0 (× என்றால் ஒலிக்காத கம்பி, 0 என்றால் திறந்த கம்பி). மூன்றாம் கம்பியில் மோதிர விரல் அழுத்துவது எந்த ஸ்வரம்? ஏ. அதாவது ரூட், ஏற்கெனவே ஐந்தாம் கம்பியில் ஒலிப்பதன் மேல் ஸ்தாயி. அந்த விரலை எடுத்தால் திறந்த கம்பி, ஜி. இரண்டு ஃப்ரெட் இறங்கியாகிவிட்டது, × 0 2 0 1 0, ஏ மைனர் 7. ஈ மைனரில் நாலாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட்டில் இருப்பது ஈ, விரலை எடுத்தால் டி, 0 2 0 0 0 0. பி மைனர் × 2 4 4 3 2-ல் சுண்டு விரல் பிடித்திருப்பது பி, எடுத்தால் பின்னால் ஏற்கெனவே பார் போட்டிருக்கும் இரண்டாம் ஃப்ரெட்டின் ஏ ஒலிக்கும், × 2 4 2 3 2. உங்கள் எஃப் ஷார்ப் மைனரிலும் இதே கதை, 2 4 4 2 2 2-ல் சுண்டு விரல் எடுபடுகிறது. டி மைனர் ஒன்றுதான் கொஞ்சம் அடம்பிடிக்கும், × × 0 2 3 1-ல் மோதிர விரலை எடுத்துவிட்டு ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து முதல் இரண்டு கம்பியையும் சேர்த்து அழுத்த வேண்டும், × × 0 2 1 1. அங்கேயும் டி போய் சி வருகிறது, இரண்டு ஃப்ரெட்தான்.

எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றே: இரண்டு மூன்று இடத்தில் ஒலித்துக்கொண்டிருந்த ரூட்டில் ஒன்றைக் குறைத்து அந்த இடத்தை ஏழுக்குக் கொடுக்கிறோம். மைனரின் அழுத்தம் குறைந்து மிருதுவாகக் கேட்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி: ஏ மைனர் 7-ன் ஸ்வரங்கள் ஏ, சி, ஈ, ஜி. முதலில் உள்ள ஏ-யைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள். சி, ஈ, ஜி. அது சி மேஜர். சோகமான கார்டின் வயிற்றுக்குள் ஒரு சந்தோஷமான கார்டு உட்கார்ந்திருக்கிறது.

இன்று இரவே செய்து பாருங்கள். ஏ மைனர் பிடித்து நாலு தட்டு. மூன்றாம் கம்பி விரலை மட்டும் முதல் ஃப்ரெட்டுக்கு இறக்குங்கள், × 0 2 1 1 0, நாலு தட்டு. அப்புறம் திறந்துவிடுங்கள், × 0 2 0 1 0, நாலு தட்டு. நடுவில் வந்தது நீங்கள் தேடிய ஜி ஷார்ப், 'மைனர் மேஜர் 7' என்று பெயர், பெயரே சண்டை போடுகிறது, கேட்கவும் பேய் வீட்டுக் கதவு திறக்கிற மாதிரி இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபின் எந்த ஏழு எது என்று ஜென்மத்துக்கும் மறக்காது.

பாஸ்மட்டும்:

ஆறாம்கம்பி அண்ணன் சொன்ன வயிற்றுக்குள் சி மேஜர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் ஏ மைனர் 7 வாசிக்கும்போது பாஸ் கிட்டார்க்காரர் அடியில் சி வாசித்தால் கேட்பவர் காதில் அது சி6. ஸ்வரம் நாலும் அதே நாலு. பெயரை முடிவு செய்வது அடியில் இருப்பவர், அதாவது நாங்கள். கொயரில் பாஸ் இருந்தால் ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடி:

தியரியை இவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் கைக்கு வருகிறேன்.

எஃப் ஷார்ப் மைனரில் நாலாம் கம்பியை அழுத்துவது சுண்டு விரல். அதனால் ஆள்காட்டி விரல் அந்த இடத்தில் ஒழுங்காக அழுத்துகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஏழு போட்டவுடன் சுண்டு விரல் போய்விட்டது, குட்டு வெளிப்பட்டுவிட்டது. முதல் நாளிலிருந்தே உங்கள் பார் அந்த இடத்தில் ஓட்டைதான் தம்பி, இப்போதுதான் தெரிகிறது.

இன்னொரு கொடுமை என்னவென்றால் இந்தக் கார்டில் ஏழு இருப்பதே அந்த நாலாம் கம்பியில் மட்டும்தான். அது செத்தால் மிச்சம் ஐந்து கம்பியில் ஒலிப்பது வெறும் எஃப் ஷார்ப் மைனர். கீபோர்ட் அண்ணன் கேட்ட ஏழு வரவே இல்லை.

விரலைப் பாருங்கள். ஆள்காட்டி விரலில் இரண்டு மடிப்பு இருக்கிறது இல்லையா, கம்பி அந்த மடிப்புப் பள்ளத்தில் விழுந்தால் நீங்கள் சுவரை இடிக்கிற மாதிரி அழுத்தினாலும் ஒலிக்காது. விரலை மேலேயோ கீழேயோ ஒரு நூல் அளவு நகர்த்தி, கம்பியைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கூடவே விரலைக் கொஞ்சம் கட்டைவிரல் பக்கமாகச் சாய்த்து உருட்டுங்கள், அந்தப் பக்கம் சதை குறைவு, எலும்பு அதிகம். ஃப்ரெட் கம்பியை ஒட்டிய மாதிரி வையுங்கள், நடுவில் வைக்காதீர்கள். இந்த வடிவத்தில் நடுவிரல் சும்மா இருக்கிறது, அதைத் தூக்கி ஆள்காட்டி விரலின் முதுகில் போட்டு அழுத்துங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டைவிரலால் கழுத்தைப் பிழியாமல் முழங்கையை லேசாகப் பின்னால் இழுத்தால் பாதி பலம் கையின் எடையிலிருந்தே வந்துவிடும்.

அப்புறம் ஒரு சோதனை. இதே வடிவத்தை ஐந்தாம் ஃப்ரெட்டில் வையுங்கள், 5 7 5 5 5 5, அது ஏ மைனர் 7. அங்கே சுத்தமாகக் கேட்டு முதல் இரண்டு ஃப்ரெட்டில் மட்டும் சாகிறது என்றால் தப்பு முழுக்க உங்கள் கையில் இல்லை, தலைப் பக்கம் கம்பி உட்காரும் நட் உயரமாக இருக்கலாம். நான் முதல் ஒன்றரை வருஷம் அப்படி ஒரு கிட்டாரோடு மல்லுக்கட்டினேன், வாங்கின கடையில் கேட்டால் "புதுசுல அப்படித்தாங்க இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வேறொருவர் நட்டை ராவிக் கொடுத்தார், பத்தே நிமிஷ வேலை. அந்த ஒன்றரை வருஷத்தை யாரிடம் போய்க் கேட்பது.

உடனடி வைத்தியம் வேண்டுமென்றால் இரண்டு இருக்கிறது. சுண்டு விரலை இரண்டாம் கம்பி ஐந்தாம் ஃப்ரெட்டில் வையுங்கள், 2 4 2 2 5 2. அங்கே இருப்பதும் ஈ, அதாவது இன்னொரு ஏழு, நாலாம் கம்பி மக்கர் பண்ணினாலும் கார்டின் மானம் காப்பாற்றப்படும். இல்லையென்றால் பாரே வேண்டாம்: 2 × 2 2 2 ×. ஆறாம் கம்பியை நடுவிரல், அதன் நுனியே ஐந்தாம் கம்பியைத் தொட்டு வாயை மூடட்டும், 4, 3, 2 கம்பிகளை மோதிர விரலைப் படுக்க வைத்து அழுத்துங்கள். ஜாஸ் வாசிப்பவர்களுக்கு இது தினசரி இட்லி. அப்படியே மூன்றாம் ஃப்ரெட்டுக்குத் தள்ளினால் ஜி மைனர் 7, ஐந்தில் ஏ, ஏழில் பி, எட்டில் சி, பத்தில் டி. ஒரே பிடி, எல்லா மைனர் 7-ம் வந்துவிடும். ஆனால் வேகமாக ஸ்ட்ரம் பண்ணும் பாட்டுக்கு இது சரிப்படாது, முதல் கம்பி தப்பி ஒலித்துக் காட்டிக்கொடுக்கும், விரலால் பறித்து வாசிக்கும் பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பி மைனர் 7-க்கும் ஒரு பார் இல்லாத வடிவம் உண்டு, × 2 0 2 0 2. மூன்றே விரல். நாலு ஸ்வரமும் முழுசாக அதில் இருக்கிறது.

ஆறாம்கம்பி:

கேப்போ (கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பியையும் அழுத்தும் கிளிப்) இருந்தால் இன்னும் சுலபம். இரண்டாம் ஃப்ரெட்டில் போட்டு ஈ மைனர் 7 வடிவம் வைத்தால் ஒலிப்பது எஃப் ஷார்ப் மைனர் 7, ஏ மைனர் 7 வடிவம் வைத்தால் பி மைனர் 7.

மொட்டைமாடி:

கேப்போ போட்டே பழகி பார் கார்டு வராமலே போனவர்கள் நாலு பேரை எனக்குத் தெரியும் அண்ணா.

ஆறாம்கம்பி:

அதில் ஒருவன் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாட்டு ஓட வேண்டும் இல்லையா.

காகலி:

ஈ7 கேள்வியை யாரும் தொடவில்லை. ஈ7 பிடி 0 2 0 1 0 0. ஈ மைனர் 7 பிடி 0 2 0 0 0 0. நீங்கள் எடுத்தது மூன்றாம் கம்பி முதல் ஃப்ரெட்டில் இருந்த ஒரே ஒரு விரல். அந்த விரலில் இருந்தது ஜி ஷார்ப். ஏ-க்கு ஒரே ஒரு ஃப்ரெட் முன்னால் நின்றுகொண்டு "வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்" என்று அனத்துகிற ஸ்வரம் அது. அதை எடுத்துவிட்டு ஏ மைனருக்கு வந்தால் வந்து சேர்ந்த மாதிரியே இருக்காது, அதனால்தான் அந்தப் பார்வை. இரண்டிலும் 7 இருப்பதாலேயே இரண்டும் சொந்தக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

நான் வீணையிலிருந்து கிட்டாருக்கு வந்தவள், எனக்கு இது வேறு மாதிரி புரிந்தது. நம் கர்நாடக சங்கீதத்தில் கார்டு என்ற சமாசாரமே கிடையாது, ஆகவே இது எனக்கு நானே வைத்துக்கொண்ட அடையாளம் மட்டும். ரூட்டை ஸட்ஜமாக வைத்தால் மைனர் 7 என்பது ஸ, சாதாரண காந்தாரம், ப, கைசிகி நிஷாதம். மேளகர்த்தா என்ற தாய் ராக வரிசையில் 20 நடபைரவி, 21 கீரவாணி, 22 கரகரப்ரியா, 23 கௌரிமனோகரி. நாலுக்கும் ஸ ரி க ம ப ஒன்றேதான், தைவதமும் நிஷாதமும்தான் மாறும். 20-க்கும் 22-க்கும் கைசிகி நிஷாதம். 21-க்கும் 23-க்கும் காகலி நிஷாதம். ஏ-யை ஸட்ஜமாக வைத்தால் கைசிகி என்பது ஜி, காகலி என்பது ஜி ஷார்ப்.

ஆக பாட்டின் மெட்டு நடபைரவி, கரகரப்ரியா பக்கம் போகிறதென்றால் ஏ மைனர் 7 தாராளமாகப் போடலாம். கீரவாணி சாயல் என்றால் பாடுகிறவர் காகலி நிஷாதத்தில் நிற்கும் நேரத்தில் உங்கள் மூன்றாம் கம்பி திறந்து ஜி என்று கத்திக்கொண்டிருக்கும், அரை ஸ்வர இடைவெளியில் இரண்டும் முட்டும். அங்கே வெறும் ஏ மைனரோடு நிறுத்திக்கொள்வது மரியாதை. சுத்த தன்யாசி மாதிரி மெட்டு என்றால் கவலையே இல்லை, அதன் ஐந்து ஸ்வரத்தில் நாலு இந்தக் கார்டுக்குள்ளேயே இருக்கிறது, ஐந்தாவது மத்யமம், அதுவும் தொந்தரவு செய்யாது.

தாளைப் பார்த்து முடிவு செய்யாமல் மெட்டை ஒரு தடவை வாயால் பாடிப் பாருங்கள் தம்பி. நிஷாதம் எது என்று தொண்டை சொல்லிவிடும்.

ஆறாம்கம்பி:

காகலி அம்மா சொன்னது எனக்கே புதுசு. 20, 22-க்குப் போடு, 21, 23-க்குப் போடாதே என்று இத்தனை வருஷம் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நான் மேஜர் பாட்டுக்கு மட்டும் சேர்க்கிறேன், கொயரில் பெரும்பாலும் அதுதானே. மேஜர் ஸ்கேலில் இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது ஸ்வரங்களில் எழும் கார்டுகள் மைனர். சி ஸ்கேலில் டி, ஈ, ஏ. இந்த மூன்றுக்கும் ஏழு போட்டால் ஸ்கேலுக்கு வெளியே ஒரு ஸ்வரமும் வராது, அதனால் உங்கள் கீபோர்ட் அண்ணன் துணிந்து போடுகிறார். அதிலும் இரண்டாவதுதான் ருசி. டி மைனர் 7 × × 0 2 1 1, அடுத்து ஜி7 3 2 0 0 0 1, அடுத்து சி மேஜர் 7 × 3 2 0 0 0. மெதுவாக வாசித்துக்கொண்டே மெல்லிய இரண்டு கம்பியை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் கம்பியில் சி இருந்தது, ஜி7 வந்ததும் அரை ஸ்வரம் இறங்கி பி ஆகிறது, முதல் கம்பியில் எஃப் அசையாமல் நிற்கிறது. சி மேஜர் 7 வந்ததும் பி நிற்கிறது, இப்போது எஃப் இறங்கி ஈ ஆகிறது. ஒருவர் நிற்க ஒருவர் இறங்க, படிக்கட்டில் இரண்டு பேர் கைபிடித்து இறங்குகிற மாதிரி. முதலில் இறங்கிய அந்த சி யார்? டி மைனரின் ஏழு. வெறும் டி மைனராக இருந்திருந்தால் அந்தக் கம்பியில் இருந்திருப்பது டி, இந்த இறக்கமே கிடைத்திருக்காது.

ஜி ஸ்கேல் பாட்டு என்றால் சுண்டு விரலையும் மோதிர விரலையும் முதல் இரண்டு கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் ஒட்டிவிட்டு ஜி 3 2 0 0 3 3, ஈ மைனர் 7 0 2 2 0 3 3 என்று மாற்றிப் பாருங்கள், இரண்டு விரல் நகரவே நகராது.

பாஸ்மட்டும்:

மைனர் 7 எப்போதும் எங்காவது போய்ச் சேர வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-ல் பதிவு செய்த 'சோ வாட்' 32 பார் (இங்கே பார் என்பது தாளக் கட்டம், விரல் பார் இல்லை). டி மைனர் 7 பதினாறு பார், அரை ஸ்வரம் ஏறி ஈ ஃப்ளாட் மைனர் 7 எட்டு பார், திரும்ப டி-யிலேயே எட்டு. இரண்டே கார்டு, எங்கேயும் அவசரமாகப் போகவில்லை. அதில் மெட்டை எடுத்துச் சொல்வது பால் சேம்பர்ஸின் பாஸ் என்பதைத் தற்செயலாகத்தான் குறிப்பிடுகிறேன்.

தெற்குத்தெரு:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து வந்து எழுதுகிறேன்.

மூன்றாம் கம்பியில் 2, 1, 0 என்று இறக்கும் பயிற்சியை வீட்டில் செய்தேன், பேய்க் கதவு கார்டு வந்தபோது தங்கை பக்கத்து அறையிலிருந்து "நிறுத்துடா" என்றாள், ஏழு போட்டதும் சத்தமில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

கீபோர்ட் அண்ணனிடம் ஈ7 விஷயத்தைச் சொன்னேன். "இதைத்தானே அன்னைக்கே சொன்னேன்" என்றார். சொல்லவில்லை, பார்த்தார்.

மொட்டைமாடி அக்கா, ஐந்தாம் ஃப்ரெட்டில் வைத்துப் பார்த்தேன், எல்லாக் கம்பியும் கேட்கிறது. ஒன்றாம் ஃப்ரெட்டில் 1 3 1 1 1 1 வைத்தால் மரக்கட்டை. அப்படியென்றால் நட்தானே? இரண்டாம் ஃப்ரெட்டில் நீங்கள் சொன்ன மாதிரி விரலை ஒரு நூல் மேலே ஏற்றினேன், நாலாம் கம்பி பேசிவிட்டது. ஆனால் இப்போது மூன்றாம் கம்பி செத்துவிட்டது.

மொட்டைமாடி:

நட் உயரம்தான் என்று தோன்றுகிறது, ஆனால் நீங்களே அரத்தை எடுத்துவிடாதீர்கள், அதிகம் ராவினால் திறந்த கம்பி ஃப்ரெட்டில் அடித்து இரையும், அப்புறம் புது நட்தான். தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மூன்றாம் கம்பி செத்தது நல்ல செய்தி. பள்ளம் இப்போது அங்கே போயிருக்கிறது, அவ்வளவுதான். அரை நூல் கீழே இறக்குங்கள்.